என் காருக்குப் பிளக் தேர்ந்தெடுத்த மகனுக்கு

தம்பி,

உன் கல்யாணப் பத்திரிகை நேற்றுக் கைக்கு வந்தது. தடிப்பான அட்டை, தங்க எழுத்து. உன் பெயரையும் துர்காவின் பெயரையும் சேர்த்துப் பார்க்க ஆசையாக இருந்தது. சாமிப் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம், அப்பாவின் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் வைத்துவிட்டுத்தான் அலுமாரிக்குள் வைத்தேன். எனக்கு இந்தக் கல்யாணத்தில் ஒரு குறையும் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மிச்சத்தைப் படித்துவிட்டு, "அம்மாவுக்குச் சம்பந்தம் பிடிக்கவில்லை, அதுதான் குதிக்கிறார்" என்று நீ கதையை வேறு பக்கம் திருப்பிவிடுவாய். நான் கோபமாக இருப்பது வேறு விஷயத்துக்கு. என் கார் எஞ்சினுக்கு நீ போட்ட ஸ்பார்க் பிளக்குக்கு.

சிரிக்காதே. இதை நீ மட்டும் படிக்கப் போவதுமில்லை. நம் குடும்ப வட்ஸ்அப் குரூப்பில் எல்லோருக்கும் தெரியத்தான் போடுகிறேன். போன வாரம் அங்கேதானே நீ, "அம்மா காரை வாடகைக்கு ஹயர் ஓடுவதை நிறுத்திவிட்டார், இனி ஓய்வு" என்று அறிவித்தாய்? உன் அத்தைமார் பூங்கொத்துப் படம் போட்டு வாழ்த்தினார்கள். கொழும்பில் இருக்கும் சித்தப்பா, நல்ல முடிவு என்று கைகூப்பினார். ஓய்வு பெற்றவள் நான். ஆனால் அந்தச் செய்தி எனக்கே அந்தக் குரூப்பில்தான் தெரிய வந்தது. துர்காவையும் நீயே அதில் சேர்த்துவிட்டிருக்கிறாய். அவளும் படிக்கட்டும்.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன், மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும். போன மாதம் நீ கட்டுகஸ்தோட்டை வீட்டுக்கு வந்து நின்றபோது, காரைச் சேவிஸ் பண்ணிக்கொண்டு வருகிறேன் என்று அலவத்துகொடைக்கு, ஹனீபா நானாவின் கராஜுக்கு, எடுத்துப் போனாய். எனக்குப் பெருமையாக இருந்தது. பக்கத்து வீட்டு அக்காவிடம்கூட, மகன் வந்தால் வண்டியைத்தான் முதலில் பார்ப்பான் என்று சொன்னேன். திரும்பி வந்து, பிளக் எல்லாம் புதிது போட்டிருக்கிறது, இனி கரி பிடிக்காது என்றாய். உண்மைதான். அதற்குப் பிறகு டவுனுக்குள் ஓடிய நாட்களில் கார் பூப்போல ஓடியது. வாவிக்கரையில் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது வழக்கமாக ஒரு விக்கல் வருமே, அதுகூட வரவில்லை. உன்னை மனதுக்குள் வாழ்த்திக்கொண்டுதான் ஓட்டினேன்.

பிறகு ஒரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து ஒரு ஹயர் வந்தது. தெல்தோட்டைப் பக்கம் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, முதல் பிரசவம், வயிற்றைக் கிழித்து எடுத்த பிரசவம். அவளும், பச்சைக் குழந்தையும், மாமியாரும், புருஷனும், இரண்டு உரப்பை நிறையச் சாமானும். பேராதனை வரைக்கும் ஒரு சத்தமில்லை. கலஹா ஏற்றம் பிடித்துக் கொஞ்ச தூரம் போனதும் எஞ்சின் முட்டத் தொடங்கியது. யாரோ உள்ளே இருந்து தகரத்தில் தட்டுவது போல ஒரு சத்தம். கியரை இறக்கினேன், தட்டல் குறையவில்லை, இழுவை குறைந்தது. ஒரு வளைவில் ஓரமாக நிறுத்திச் சாவியைத் திருப்பினேன். தம்பி, சாவி என் கையில் இருக்கிறது, எஞ்சின் நிற்கவில்லை. உதறி உதறித் தானாக ஓடிக்கொண்டிருக்கிறது. பின்னால் அந்தப் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, பத்திக்கிருமா?" என்று கேட்டாள். பற்றாது என்று சொன்னேன். எஞ்சின் ஆறும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு, மாமியாரையும் புருஷனையும் சாமான்களோடு பஸ்ஸில் ஏற்றிவிட்டு, தாயையும் பிள்ளையையும் மட்டும் வைத்துக்கொண்டு முதல் கியரில் மெல்ல மெல்லக் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

திரும்பி நேராக அலவத்துகொடைக்குத்தான் போனேன். நானா பிளக்கைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். நான் உனக்குச் சொல்லித்தரத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நன்றாக எரியும் எஞ்சினில் பிளக்கின் நுனி பால் தேத்தண்ணி நிறத்தில் இருக்க வேண்டும். கறுப்பாக இருந்தால் கரி பிடிக்கிறது. வெள்ளையாகக் கொப்புளித்திருந்தால் சூடு தாங்கவில்லை. என் கையில் இருந்தது வெள்ளை. பிளக்கில் சூட்டை நுனியிலேயே தேக்கி வைத்துக்கொள்ளும் சாதியும் உண்டு, சூட்டை வெளியே கடத்திவிடும் சாதியும் உண்டு. சூட்டைத் தேக்குவது, டவுனுக்குள் ஊர்கிற காருக்கும், என்னுடையது மாதிரிக் கொஞ்சம் ஓயில் குடிக்கிற கிழட்டு எஞ்சினுக்கும் நல்லது, கரியை எரித்துவிடும். அதையே பாரம் ஏற்றிக்கொண்டு மலைக்குக் கொண்டுபோனால் நுனி தணலாகி, பொறி அடிக்கும் முன்பே பெற்றோலைப் பற்ற வைத்துவிடும். அப்படியே ஓட்டினால் பிஸ்டன் ஓட்டையாகும். மலையில் ஓடும் வண்டிக்குச் சூட்டைக் கடத்தும் பிளக்தான் வேண்டும். நான் இவ்வளவு காலமும் போட்டிருந்தது அதுதான்.

நானாவின் முகம் சுருங்கிப் போனது. நல்ல மனுஷன், என்னிடம் ஒரு நாளும் ஏமாற்று வேலை செய்ததில்லை. "மகன் தானே செல்லிட்டுப் போன, அம்மா இனி டவுனுக்குள்ள மட்டுந்தான் ஓடுறண்டு. நீங்க செல்லித்தான் அவரு வந்தீக்கிறாருண்டு நான் நெனச்சேன்" என்றார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே நானா என்றேன். கேட்டிருக்க மாட்டார் என்று எனக்கும் தெரியும். இந்த ஊரில் எந்தக் கராஜிலும் அதுதான் வழக்கம். கார் என் பெயரில் இருக்கும், ஸ்டியரிங் என் கையில் இருக்கும், பெற்றோல் என் உழைப்பில் ஊறும். ஆனால் என்ன பழுது என்று அப்பா இருந்தவரை அப்பாவுக்குச் சொன்னார்கள், இப்போது போனில் கோல் எடுத்து உனக்குச் சொல்கிறார்கள். நான் பக்கத்தில் கதிரையில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருப்பேன். அவர்களைக் குறை சொல்லி என்ன? அந்தக் கோலை எடுத்த நீ, அம்மாவிடமே கேளுங்கள் நானா என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் வழக்கம் அன்றோடு மாறியிருக்கும்.

வீட்டுக்கு வந்து உனக்குப் போனில் பேசினேன். நீ பதறினாய், அதை மறைக்க மாட்டேன். அம்மாவுக்கு அடி படவில்லையே என்றுதான் முதலில் கேட்டாய். பிறகு வழக்கம்போல எஞ்சினியர் ஆகிவிட்டாய். ஓயில் குடிக்கிற எஞ்சின், ஊர்ந்து ஓடுகிற ஓட்டம், இதற்கு அந்தப் பிளக்தான் சரி என்று விளக்கினாய். உன் படிப்பில் ஒரு பிழையும் இல்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நீ படித்தது வீண் போகவில்லை. டவுனுக்குள் மட்டும் ஓடும் காராக இருந்தால் நானும் அதைத்தான் போட்டிருப்பேன். அதனால்தான் கேட்டேன்.

"நான் டவுனுக்குள்ளதான் ஓடுறேன்னு ஒனக்கு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லலம்மா. நான்தான் முடிவு பண்ணேன். கல்யாணத்துக்கு அப்புறமும் நீங்க ஹயர் ஓடுனா நல்லாவா இருக்கும்? அவங்க வீட்டுல என்ன நினைப்பாங்க?"

கடைசி வசனத்தைச் சொல்லும்போது உன் குரல் இறங்கிவிட்டது. பக்கத்தில் யாரோ இருந்திருப்பார்கள். வலித்தது, தம்பி. எஞ்சின் முட்டியதற்கு நான் அழவில்லை. அந்த இறங்கிய குரலுக்கு அழுதேன். கோவிலுக்கும் சந்தைக்கும் போய்வர என்ன பிளக் வேண்டுமோ அதைப் போட்டுவிட்டால், அம்மா கோவிலுக்கும் சந்தைக்கும் போய்வருகிறவளாக ஆகிவிடுவாள் என்று நினைத்தாய். வண்டி எங்கே ஓடுகிறது என்று பார்த்துத்தான் பிளக் எடுக்க வேண்டும். பிளக்கைப் போட்டுவிட்டு, இனி நீ இங்கேதான் ஓட வேண்டும் என்று வண்டிக்குச் சொல்ல முடியாது. எனக்கும் சொல்ல முடியாது.

அப்பாவுக்கும் பிளக்குக்கும் இருந்த உறவு உனக்கு ஞாபகம் இருக்கிறதா? அவருக்குப் பிளக் என்றால் வீட்டு பல்ப் மாதிரி. எது போச்சோ அதை மட்டும் கழற்றி, அந்த நேரம் எந்தக் கடை திறந்திருக்கிறதோ அங்கே என்ன கிடைக்கிறதோ அதைப் போடுவார். நாலு பிளக், நாலு கம்பனி, நாலு சாதி. ஒன்று சூடு, ஒன்று குளிர், ஒன்று எந்த நாட்டில் செய்தது என்றே தெரியாது. பன்விலயில் உன் பெரியப்பா மகளின் சடங்குக்குச் சீர்த் தட்டுகளோடு போனோமே, அந்த ஏற்றத்தில் கார் ஒரு துள்ளல் துள்ளி நின்றுவிட்டது. நாங்கள் எல்லோரும் பட்டுச் சேலையோடு இறங்கி, தட்டுகளைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தோம். அப்பா மட்டும் காலியான காரை மெல்ல உருட்டிக்கொண்டு பின்னால் வந்தார். மண்டப வாசலில் நின்றவர்கள் நாங்கள் ஏதோ நேர்த்திக்கடன் வைத்து நடந்து வருகிறோம் என்று நினைத்துக் கும்பிட்டார்கள். நாலும் ஒரே சாதியாகப் போடுங்கள் என்று நான் அன்றைக்கே சொன்னேன். ஒனக்கு என்ன தெரியும் என்றார். கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை, அவருக்கு வாயில் தானாக வரும் வார்த்தை அது. உன் வாயில் அது வருவதில்லை, நீ மரியாதையானவன். ஆனால் நீ எனக்குத் தெரியாமல் செய்துவிட்டு வந்தாய். அப்பா என் முகத்துக்கு நேரே சொன்னார் என்பதால் நானும் அவரோடு நேருக்கு நேர் சண்டை பிடிக்க முடிந்தது.

அவர் போன பிறகு கார் முற்றத்தில் உறை போட்டுக் கிடந்தது. அதை விற்கலாம் என்று உன் சித்தப்பா ஆளையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். நான் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு டிரைவிங் பழகப் போனேன். பரீட்சை நாளில் சோதிக்க வந்த ஐயா என் நரையைப் பார்த்துவிட்டு, முடியுமா அம்மா என்று சிங்களத்தில் கேட்டார். ஏறி உட்காருங்கள், காட்டுகிறேன் என்றேன். அன்றைக்கு நீதான் குரூப்பில் என் லைசன் படத்தைப் போட்டு, என் அம்மா என்று எழுதினாய். நான் ஹயர் ஓடத் தொடங்கியபோதும் நீ ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஹயரால்தான் உன் கடைசி வருஷப் படிப்பு ஓடியது. அதைச் சொல்லிக்காட்ட எழுதவில்லை, பெற்றவள் செய்வதுதான். என் பிள்ளைக்கு அப்போது வராத வெட்கம் இப்போது எங்கிருந்து வந்தது என்று மட்டும்தான் யோசிக்கிறேன்.

நீ பிறந்த கதையைச் சொன்னால் உனக்குப் பிடிக்காது. எத்தனையோ முறை கூட்டத்தின் நடுவில் என் பேச்சை மாற்றியிருக்கிறாய். இன்றைக்கு மாற்ற முடியாது, எழுத்தில் இருக்கிறது. அப்போது நாங்கள் தெல்தோட்டையில் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், இருந்தோம். மத்தியானம், நல்ல மழை. வலி எடுத்ததும் அப்பா கடைச் சந்திக்கு ஓடி ஹயர்க் காரைக் கேட்டார். டிரைவர் லயத்துக்கு ஏறும் ரோட்டை அண்ணாந்து பார்த்துவிட்டு, வண்டி அடி தட்டும், நீங்கள் ஆளைத் தூக்கிக்கொண்டு கீழே வாருங்கள் என்று சொல்லிவிட்டார். என்னால் எழும்பக்கூட முடியவில்லை. கடைசியில் தேயிலைக் கொழுந்து ஏற்றிக்கொண்டு போன லொறியை மறித்து, சாக்குகளுக்கு மேலே என்னைக் கிடத்தினார்கள். கலஹா வருவதற்குள் நீ வந்துவிட்டாய். பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த அக்கா தன் முந்தானையால் மழையை மறைத்துக்கொண்டு நின்றாள். பச்சைக் கொழுந்து வாசத்தில்தான் உன்னை முதல்முதலாக நெஞ்சில் அணைத்தேன். நீ அழுதாய், நானும் அழுதேன். சந்தோஷத்தில் பாதி. மிச்சப் பாதி, அந்தச் சந்தியில் கூரைக்குக் கீழே நனையாமல் நின்ற காரை நினைத்து வந்த ஆத்திரம்.

இன்றைக்கும் நிலைமை பெரிதாக மாறவில்லை. ரோட்டு கொஞ்சம் நல்லம், ஆஸ்பத்திரி வண்டியும் சில நேரம் வரும். ஆனால் லயம்வரைக்கும் ஏறுகிற ஹயர் இன்னும் குறைவு. வண்டி அடி தட்டும் என்கிறார்கள், பிள்ளைத்தாய்ச்சி என்றால் சீட்டு பழுதாகும் என்கிறார்கள். நான் ஏறுவேன். அடி தட்டினால் தட்டட்டும். அந்தப் பக்கத்துப் பெண்கள் என் நம்பரைத் தங்களுக்குள் கைமாற்றிக் கொள்கிறார்கள். சும்மா ஏற்றுவதில்லை, ஹயர்க் கூலி வாங்கித்தான் ஏற்றுகிறேன், தொழில் தொழில்தான். என்னைப் புண்ணியவதி ஆக்கி ஒரு படத்தில் மாலை போட்டு உட்கார வைக்கவும் பார்க்காதே. எனக்கு இந்த ஓட்டம் பிடிக்கும். வளைவு திரும்பும்போது எஞ்சின் ஒரே தொனியில் இழுத்துக்கொண்டு ஏறும் பார், அந்தச் சத்தத்துக்காகவே கூலி இல்லாமலும் ஒரு தடவை ஏறலாம்.

எனக்கு வயது போகிறது என்று சொல்லப் போகிறாய். போகிறதுதான். கண்ணாடி மாற்றியிருக்கிறேன், முழங்கால் மழைக்கு நோகிறது. வளைவு கண்ணுக்குத் தெரியாத நாள் வந்தால் சாவியை நானே கழற்றி மேசையில் வைப்பேன். என் கால் பிரேக்கைத் தேடினால் அன்றைக்கே நிறுத்துவேன். பின்னால் உட்கார்ந்திருப்பது யாருடைய பிள்ளை என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த நாள் எது என்று நான்தான் சொல்வேன். நீ சொல்லக் கூடாது, சித்தப்பா சொல்லக் கூடாது, உன் மாமனார் வீட்டில் ஒரு பேச்சு வந்தது என்பதற்காக அந்த நாள் முன்னால் வரவும் கூடாது.

நானா அன்றைக்கே பழைய சாதிப் பிளக் நாலையும் போட்டுவிட்டார், நாலும் ஒரே கம்பனி, பெட்டியைப் பிரிக்கும்போது நானே பக்கத்தில் நின்று நம்பரைப் பார்த்தேன். கட்டுகஸ்தோட்டைப் பாலத்து நெரிசலில் மறுபடியும் விக்குகிறது. விக்கட்டும். கரி பிடித்தால் கழற்றிக் கம்பித் தூரிகையால் துடைத்துப் போடுகிறேன், பிளக் கழற்றும் சாவியும் தூரிகையும் டிக்கியில் கிடக்கின்றன. இது என் தொல்லை, நானே விரும்பி எடுத்துக்கொண்டது. நீ பிளக் மாற்றிக் கொடுத்த நிம்மதியைவிட எனக்கு இது மேல். நானாவிடமும் இனி பழுது எதுவானாலும் என்னிடம் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டேன். உன் நம்பரை அவருடைய போனில் இருந்து அழித்தேன். அவர் முன்னிலையில், அவர் சம்மதத்தோடுதான் அழித்தேன்.

கல்யாணம் கட்டப் போகிறவனுக்குத் தாய் ஏதாவது புத்தி சொல்ல வேண்டுமாம். என்னிடம் இருப்பது இது ஒன்றுதான். துர்காவுக்கு நல்லது என்று உனக்குத் தோன்றுவதையெல்லாம் அவளிடம் கேட்டுவிட்டுச் செய். நீ கெட்டவனாக இருந்தால் இதைச் சொல்லத் தேவையில்லை, அவளே உன்னை விட்டுப் போய்விடுவாள். நீ நல்லவன், அன்பானவன், அதனால்தான் பயமாக இருக்கிறது. அன்பாக ஒருவர் எடுத்த முடிவை எதிர்த்துச் சண்டை பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று இந்த ஒரு மாதம் நான் பட்டுவிட்டேன். எத்தனை தடவை, பாவம் என் பிள்ளை, எனக்காகத்தானே செய்தான் என்று நினைத்து இந்தக் கடிதத்தைத் தொடங்காமல் விட்டேன் தெரியுமா? துர்காவுக்கு என்ன வேலை பிடிக்கும், எங்கே போக ஆசை, எதைக் கண்டால் எரிச்சல் என்று கேள். கேட்ட பிறகும் நீ நினைத்ததே சரி என்று பட்டால் வாதாடு. வாதாடித் தோற்றுப் போ, ஒன்றும் குறையாது.

கல்யாணத்துக்கு வாகனம் அனுப்புவதாகச் சம்பந்தி வீட்டில் சொன்னார்களாம். அவர்களுக்கு என் நன்றியைச் சொல். நான் என் காரிலேயே கொழும்புக்கு வருகிறேன். மண்டப வாசலில், பூ அலங்காரத்துக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தால் அங்கேயே நிறுத்துவேன். யாராவது என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால் நானே பதில் சொல்லிக்கொள்கிறேன், நீ குறுக்கே வராதே. அன்றைக்கு முழுவதும் போனை அணைத்து வைத்திருப்பேன். உன் கழுத்தில் மாலை விழுவதைக் கண் நிறையப் பார்க்க வேண்டும்.

ஆனால் மறுவீட்டுக்கு நீங்கள் இரண்டு பேரும் கட்டுகஸ்தோட்டைக்கு வரும் வாரத்தில் தெல்தோட்டையில் ஒரு பிள்ளைக்குப் பிரசவ நாள் குறித்திருக்கிறார்கள். அவளுக்கு நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். விருந்தின் நடுவில் அவள் கூப்பிட்டாலும் நான் எழும்பிப் போவேன். கோழிக் கறி பெரிய சட்டியில் இருக்கும், அப்பளம் பொரித்து டப்பாவில் இருக்கும், உனக்குப் பரிமாறத் தெரியும். சம்பந்தி வீட்டுக்காரர் அம்மா எங்கே என்று கேட்பார்கள். ஹயருக்குப் போயிருக்கிறார் என்று சொல். குரலை இறக்காமல் சொல்.

அம்மா